அத்தப்பன் தூக்கிய கை

நர்மதைப் பாலம் தாண்டி ஒரு வளைவில் தூக்கிய வலது கையை அத்தப்பன் நாலைந்து மாநிலம் கடந்து, கொளத்துமேட்டில் தன் வீட்டு வாசல் வரைக்கும் இறக்காமலேயே கொண்டுவந்து சேர்த்தார். வழியில் இறக்கிப் பார்க்காமல் இல்லை. இடது கையால் பிடித்து இழுத்துப் பார்த்தார், மாற்று டிரைவர் ரங்கணனைப் பிடித்துத் தொங்கச் சொல்லிப் பார்த்தார், ஹைதராபாத் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் சுடுதண்ணீர் வாங்கி ஊற்றியும் பார்த்தார். கை வலிக்கவில்லை, வீங்கவில்லை, மரத்துப்போகவும் இல்லை, விரல் ஐந்தும் விரிந்து, உள்ளங்கை முன்னால் பார்க்க, காதுக்கு ஒரு சாண் மேலே, எதிரே வருகிறவனை ‘நல்லா இருக்கியா’ என்று கேட்கிற வாக்கில் நின்றது, நின்றபடியே இருந்தது. ரங்கணன் ஸ்டியரிங்கைப் பிடிக்க, அத்தப்பன் இடது பக்கத்து சீட்டில் விருந்தாளி போல உட்கார்ந்து ஊர் வந்து சேர்ந்தார்.

வாசலில் நின்ற பாவாயி புருஷனை மேலும் கீழும் பார்த்தாள். மழை பிடிக்கிற வரைக்கும் வீட்டுப் பக்கம் தலைகாட்டாத மனுஷன் நடுக்கோடையில் வந்து நிற்கிறாரே என்று அவளுக்குக் கலக்கம்தான். ஆனாலும் வருஷத்தில் முக்கால் பங்கு புருஷன் முகம் பார்க்காமல் குடித்தனம் நடத்துகிறவள் எதைக் கண்டும் சட்டென்று பதறிவிட மாட்டாள்.

“குனிஞ்சு வாங்க, வாசக்கால் நெலவுல கை இடிச்சுக்கும்” என்றாள்.

உள்ளே போய்த் தட்டைப் போட்டாள். வலது கை சோற்றுக்கு இறங்காது என்று தெரிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து பிசைந்து ஊட்டிவிட்டாள். கல்யாணமான புதிதில்கூட அவள் அப்படி ஊட்டினதில்லை, அவர் வாங்கிக்கொண்டதும் இல்லை. அடுப்படி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த மகள் மேகலாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது, ஏனென்றால் ஆவணியில் அவளுக்குக் கல்யாணம், தாரை வார்க்கும்போது பெண்ணைப் பெற்றவர் தன் வலது கையால் பெண்ணின் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைத்துக் கொடுக்க வேண்டும். அந்தக் கைதான் இப்போது விட்டத்தைப் பார்த்து நின்றது.

திருச்செங்கோட்டுப் பக்கத்து ரிக் வண்டிக்காரர்களை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. பூமியில் ஆழ்துளை போட்டுத் தண்ணீர் காட்டுகிறவர்கள் அவர்கள். ரிக் ஒரு லாரி, கம்ப்ரசரும் குழிக்குள் இறக்குகிற இரும்பு ராடும் ஏற்றிய துணை லாரி இன்னொன்று, இரண்டும் ஒன்றன் பின் ஒன்றாகக் கிளம்பினால் ஐப்பசியில் போனது ஆனியில்தான் திரும்பும், அதுவரைக்கும் அந்த லாரிதான் வீடு, அதன் அடிவயிற்றில்தான் அரிசி மூட்டை, அதன் முதுகில்தான் படுக்கை, பக்கவாட்டில் கட்டின கொடியில்தான் ஜட்டியும் பனியனும் ராஜஸ்தான் காற்றில் காயும். பாஷை தெரியாத ஊரில், புழுதி அப்பின முகத்தோடு, நாள் முழுக்க ரோட்டில் போகிறவனுக்கு எதிரே இன்னொரு ரிக் வண்டி வருகிறது என்றால் சொந்த ஊரே எழுந்து நடந்து வருகிற மாதிரி இருக்கும். அப்போது கையைத் தூக்க வேண்டும். தெரிந்தவனா தெரியாதவனா, முதலாளி வண்டியா கூலி வண்டியா, பங்காளியா பகையாளியா என்று பார்க்கக் கூடாது, எதிரே வருகிறவனும் தூக்குவான், இரண்டு வண்டியும் கடந்துபோகும், அவ்வளவுதான். பேச்சு வார்த்தை அறுந்துபோன அண்ணன் தம்பிகள்கூடப் பொங்கலுக்குப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், நாக்பூர் ரோட்டில் பார்த்தால் கையைத் தூக்குவார்கள். தூக்கின கையைத் திரும்ப வாங்குகிற வழக்கம் மட்டும் எந்தக் காலத்திலும் கிடையாது.

மறுநாள் காலையில் டீக்கடையில் விஷயம் வெளியே வந்தது. குழந்தையப்பன் என்று ஒருவர், ரிக் ஓட்டி ஓய்ந்தவர், அத்தப்பனின் கையைச் சுற்றி வந்து மாட்டுச்சந்தையில் பல்லைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

“இது பதிலுக்கு நிக்குதப்பா. எதிர்க்க வந்தது யாரு?”

“செங்கோடன்” என்றார் அத்தப்பன்.

கடையில் டீ ஆற்றுகிற சத்தம் நின்றது. செங்கோடன் வேறு யாருமில்லை, பாவாயியின் உடன்பிறந்த தம்பி, மேகலாவுக்குத் தாய்மாமன்.

“அவன் தூக்கலியா?”

“தூக்கல.”

இந்த ‘தூக்கல’ என்ற சொல்லை அத்தப்பன் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஆனால் டீக்கடையில் யார் யாருடைய கண்ணைப் பார்க்கிறார்கள். பொழுது உச்சிக்கு வருவதற்குள் மாமன் மச்சான் கைக்குப் பதில் கை கொடுக்காத துரோகி செங்கோடன் என்று கொளத்துமேடு முழுக்கப் பேச்சாகிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா.

அவர்கள் இருவரும் ஒரு காலத்தில் ஒரே செட்டு. ரிக்கை அத்தப்பன் ஓட்டுவார், துணை லாரியைச் செங்கோடன் ஓட்டுவான், ஒரே குண்டானில் ஆக்கி ஒரே குண்டானில் வழித்துத் தின்று பத்துப் பன்னிரண்டு வருஷம் வடக்கே அலைந்தவர்கள். சத்தீஸ்கரில் ஒரு காட்டு ஊர். ஊர் சனம் முழுக்கக் குடத்தோடு சுற்றி நிற்க, நாள் பூராவும் ஓட்டியும் வெறும் புழுதிதான் பறந்தது. அத்தப்பன் நிறுத்தச் சொன்னார். “இன்னும் ரெண்டு ராடு எறக்கிப் பாக்கலாம் மச்சான்” என்றான் செங்கோடன். “பூமி பேசறது எனக்குக் கேக்கும், நீ கெளப்பு வண்டிய” என்றார் இவர். அடுத்த வருஷம் செங்கோடன் வேறு வண்டியில் அந்தப் பக்கம் போனவன், மனசு கேட்காமல், அதே குழியில் ரெண்டே ரெண்டு ராடு இறக்கினான். தண்ணீர் பனைமரம் உயரத்துக்கு எழும்பியது. ஊர் திரும்பியவன் அதை ஒரு காதுகுத்து விருந்தில், பந்தியில் உட்கார்ந்தபடி, கெட்ட எண்ணம் ஏதுமில்லாமல், சந்தோஷத்தில் எல்லோருக்கும் சொன்னான். பந்தியே சிரித்தது. அத்தப்பன் சாப்பிட்ட இலையைப் பாதியில் விட்டு எழுந்து போனார். அன்றோடு பேச்சு நின்றது, பாவாயிக்குப் பிறந்த வீட்டுப் பாதையும் பாதி மூடிப்போனது.

நர்மதை வளைவில் நடந்ததை அத்தப்பன் யாருக்கும் முழுதாகச் சொல்லவில்லை. எதிரே ரிக் வருவதைக் கண்டார், பழக்கத்தில் கை தானாக எழுந்தது. எழுந்த பிறகுதான் அந்த வண்டியில் தலைத்துண்டை முன்முடிச்சாகக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது யார் என்று கண்டார். கண்டதும், இவனுக்கா தூக்கினோம் என்று கையைத் திரும்ப இழுக்கப் பார்த்தார். கை வரவில்லை. என்னடா இது என்று கையையே முறைத்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் செங்கோடன் வண்டி கடந்து போய்விட்டது. அவன் தூக்கினானா, தூக்கவில்லையா என்று அத்தப்பன் பார்க்கவே இல்லை. பார்க்கவில்லை என்று சொன்னால் ஏன் பார்க்கவில்லை என்று கேட்பார்கள், தூக்கின கையை வாங்கப் பார்த்தேன் என்று ஒரு ரிக் வண்டிக்காரன் எந்த வாயால் சொல்வான். அதனால் ‘தூக்கல’ என்று சொல்லிவைத்தார், சொன்னது நாளாக நாளாக அவருக்கே உண்மை மாதிரி ஆகியும் வந்தது.

ஈரோட்டில் ஒரு எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். அவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, “எலும்பு நல்லா இருக்குது, நரம்பும் நல்லா இருக்குது, கைக்கு எறங்கப் பிரியமில்லைங்க, அவ்வளவுதான்” என்று சொல்லி, வாசல் வரைக்கும் வந்து, போகும்போது தாமும் ஒருமுறை கையைத் தூக்கிக் காட்டி அனுப்பிவைத்தார். கை இறங்கவில்லை என்றாலும் பாவாயிக்கு அந்த டாக்டரை ரொம்பப் பிடித்துப்போனது.

பிறகு ஊர் அந்தக் கையோடு குடித்தனம் நடத்தப் பழகிக்கொண்டது. டெய்லர் சட்டையின் வலது பக்கத்தைத் தோளிலிருந்து இடுப்பு வரை பிரித்துப் பட்டன் வைத்துக் கொடுத்தார். பாவாயி படுக்கையில் கொசுவலைக்குக் கம்பு கட்டுவதை நிறுத்திவிட்டு வலையை அவர் கையிலேயே மாட்டினாள், வலை சுற்றிலும் அழகாக விழுந்தது. அத்தப்பன் காலாற நடந்து ரோட்டோரம் நின்றால் போதும், திருச்செங்கோட்டு பஸ் நின்றுவிடும். கண்டக்டர் முதலில் ஏறச் சொன்னார், பிறகு திட்டினார், பிறகு இறங்கி வந்து அத்தப்பனிடம் கும்பிட்டுக் கேட்டுப் பார்த்தார், கடைசியில் பேசாமல் அந்த இடத்தையே ஸ்டாப் ஆக்கிவிட்டார்கள், நால்ரோடு வரைக்கும் வெயிலில் நடந்துபோய் பஸ் ஏறின பெண்களெல்லாம் அவரை வாழ்த்தினார்கள். கிராம சபையில் தீர்மானத்தை ஆதரிக்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றாலும் அத்தப்பன் கை தெரியும், எதிர்க்கிறவர்கள் தூக்குங்கள் என்றாலும் தெரியும். ஆதியில் ஆட்சேபணைகள் எழுந்தன, பிறகு இரண்டு கட்சிக்காரர்களும் அவரைத் தங்கள் ஆள் என்றே வைத்துக்கொண்டார்கள். அவர் கை தூக்கியிருப்பதைப் பார்த்து எதிரே வருகிறவர்களுக்கும் தூக்காமல் இருக்க முடியவில்லை, சும்மா நிற்கிற மனுஷன் கை காட்டும்போது கண்டும் காணாமல் போவது எப்படி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் தூக்கினார்கள், பால்காரர் ஹேண்டில்பாரை விட்டுவிட்டுத் தூக்கிக் கேனோடு சரிந்து எழுந்தார், விசைத்தறிக் கூடத்திலிருந்து ஷிஃப்டு முடிந்து வருகிற பெண்கள் தூக்கினார்கள். அப்படித் தூக்கும்போது பக்கத்துத் திண்டில் உட்கார்ந்திருக்கிற ஆகாதவன் தனக்குத்தான் தூக்கினார்கள் என்று எண்ணிப் பதிலுக்குத் தூக்கிவிட, வரப்புத் தகராறில் முகம் பார்க்காமல் இருந்த இரண்டு குடும்பம் அந்தக் கோடையில் சம்பந்தமே பேசி முடித்தது. ஊர் முழுக்க ஒருவரையொருவர் கண்டால் கை தூக்குகிற ஊராகிவிட்டது, வெளியூரிலிருந்து மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைமார் முதல் நாள் மிரண்டு, மூன்றாம் நாள் தாங்களும் தூக்கினார்கள்.

ஆனால் இத்தனை பேர் தூக்கியும் அத்தப்பன் கை இறங்கவில்லை. அது ஒருவனுக்குத் தூக்கின கை. கல்யாண நாள் நெருங்க நெருங்க அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் குமாரபாளையத்துக்காரர்கள், நல்ல மாதிரி. மாப்பிள்ளை யுவராஜ், கண்ணாடி போட்ட பையன், “எனக்கு எந்தக் கையால குடுத்தாலும் செரிதானுங்க மாமா” என்று சொல்லிவிட்டான். அவன் வீட்டுப் பெரிய பெண்கள் மட்டும் இடது கையால் தாரை வார்ப்பது ஆகாது என்று நின்றார்கள். கொளத்துமேட்டுக்காரர்கள் அதற்கும் ஒரு வழி சொன்னார்கள், மணவறையை இடுப்பு உயரத்துக்குத் தூக்கிக் கட்டிவிட்டால் பெண்ணும் மாப்பிள்ளையும் மேலே உட்கார்ந்திருப்பார்கள், அத்தப்பன் கை இருக்கிற உயரத்துக்கே அவர்கள் கை சரியாக வரும் என்று பந்தல்காரரைக் கூப்பிட்டு அளவுகூட எடுத்துவிட்டார்கள். பிடிக்கவும் விடவும் தெரியாமல் விரிந்தே கிடக்கிற கையில் என்னத்தை வைத்துக் கொடுப்பது என்று யாரும் யோசிக்கவில்லை.

“இடது கையிலேயே குடுங்கப்பா. நா ஒண்ணும் நெனைக்க மாட்டேன்” என்றாள் மேகலா.

“எடது கையில தள்ளி உடறதுக்கு நீ என்ன எச்செலையா அம்மிணி?” என்றார் அத்தப்பன். பெற்று வளர்த்த காலத்தில் முக்கால் பங்கை வடக்கே விட்டுவிட்டவர் அவர். இவள் தவழ்ந்ததை, நடந்ததை, பள்ளிக்கூடம் போனதை எல்லாம் போனில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார். கூட இருந்து செய்யவேண்டிய ஒரே ஒரு காரியம் பாக்கி இருந்தது, அதுவும் கையை விட்டுப் போகப் பார்த்தது.

பாவாயி தம்பிக்குப் போன் போட்டாள். தாய்மாமன் இல்லாமல் மணவறையில் பெண்ணை எப்படி ஏற்றுவது. அவன் வடக்கேதான் எங்கேயோ இருந்தான், பின்னால் கம்ப்ரசர் அலறியது.

“எம்பட மேகலா கண்ணாலத்துக்கு நா வராம யாரு வருவா? ஆனா மச்சான் கூப்புடட்டும் அக்கா. எலைய உட்டுட்டு எந்திரிச்சுப் போனது அவரு. இப்ப நா கை தூக்கலன்னு ஊரெல்லாம் பேச்சாமா?”

பாவாயி விவரமானவள். அங்கேயே வீடியோவைப் போடச் சொல்லி, போனைப் புருஷன் முகத்துக்கு நேரே நீட்டினாள், தம்பி ஒரு கையைத் தூக்கித் தொலைத்தால் காரியம் முடிந்தது என்று. அத்தப்பன் சடக்கென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். செங்கோடனுக்கு அந்தப் பக்கம் தெரிந்ததெல்லாம் ஓட்டுக் கூரையும் அதன் கீழே விரிந்திருந்த ஐந்து விரலும்தான். இவர் முகம் தெரியாமல் அவனும் தூக்கவில்லை, போனை வைத்துவிட்டான்.

பாவாயிக்கு அன்றைக்குத்தான் கோபம் வந்தது. இத்தனை நாள் ஊட்டிவிட்டவள் சோற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

“எந்தம்பி மொகத்தப் பாக்கறதுக்கு உங்களுக்கு என்ன வந்துது? தப்பு அவனுதுன்னா நீங்க எதுக்குத் திரும்பிக்கறீங்க?”

அத்தப்பன் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“அவன் தூக்குனானா இல்லியான்னு நாம் பாக்கல பாவாயி. அவன்னு தெரிஞ்சதீம் கையத் திருப்பி இழுத்துக்கப் பாத்தன். கைதான் வல்லீல.”

பாவாயி திட்டுவாள் என்று அவர் காத்திருந்தார். அவள் தட்டை எடுத்து மறுபடியும் மடியில் வைத்து, உருண்டை உருட்டி, அவர் வாயருகே நீட்டினாள்.

“ஆனி பொறந்தா வண்டியெல்லாம் ஊர் திரும்பும். போயி ரோட்டுல நில்லுங்க. அவன் வர்ற வரைக்கும் நில்லுங்க” என்றாள்.

ஆனி பிறந்தது. வடக்கே மழை பிடித்து, புழுதி அடங்கி, ரிக் வண்டிகள் கூடு திரும்புகிற கொக்கு மாதிரி வரிசை வரிசையாக வர ஆரம்பித்தன. அத்தப்பன் சேலத்து நான்குவழிச் சாலையில் ஊர்ப் பாதை பிரிகிற இடத்தில், ஒரு புங்கமரத்தடியில் காலை வெயில் ஏறும்போதே போய் நின்றுவிடுவார். ஆந்திரா போன வண்டி வந்தது, ஒரிசா போன வண்டி வந்தது, குஜராத் போன வண்டிகள் வந்தன, ஒவ்வொன்றும் அவரைக் கண்டதும் வேகம் குறைத்து, ஹாரன் அடித்து, டிரைவர் கை தூக்கி, மேலே ராடுகளின் மேல் உட்கார்ந்து வருகிற பையன்கள் எல்லாம் கை தூக்கிக் கடந்து போயின. இவருக்கு ஒவ்வொரு வண்டிக்கும் நெஞ்சு எகிறும், கிட்டே வந்ததும் அடங்கும். இடையில் நின்று நின்று போன பஸ்களுக்குக் கணக்கே இல்லை.

செங்கோடன் ஒரு மத்தியானம் வந்தான். தலையில் முன்முடிச்சுத் துண்டு தூரத்திலேயே தெரிந்தது. வண்டியை ஓரம் கட்டி, என்ஜினை அணைக்காமல், இறங்கி வந்து எதிரே நின்றான். இருவருக்கும் நடுவில் அந்தக் கை நின்றது.

“ஏனுங் மச்சான்” என்றான்.

“வா மாப்ள” என்றார் அத்தப்பன். எத்தனையோ வருஷம் கழித்து வந்த சொல். “மேகலாளுக்கு ஆவணியில கண்ணாலம். தாய்மாமன் நீதான் முன்ன நிக்கோணும். அன்னிக்கு எலைய உட்டுட்டு எந்திரிச்சது என்ற தப்பு. தண்ணி வந்துச்சுன்னு நீ சந்தோசமாத்தான் சொன்ன. எனக்குத்தான் ஆகல.”

செங்கோடன் தரையைப் பார்த்தான். “அத உடுங்க. இந்தக் கைதான் என்னோட மானத்த வாங்குது. நா தூக்கலன்னு சொன்னீங்களாமா?”

“சொன்னன்.”

“நீங்க பாத்தீங்களா?”

“பாக்கல.”

“நா தூக்குனன் மச்சான்” என்றான் செங்கோடன். “உங்க வண்டிய அரை மைல் தொலைவுலயே தெரியாதா எனக்கு? உங்களுக்கு முந்தியே தூக்கிட்டன். வண்டி கடந்து போற வரைக்கும் எறக்கவே இல்ல. நீங்க உங்க கையவே மொறச்சுப் பாத்துட்டுப் போறீங்க. செரி, மச்சானுக்கு இன்னும் கோவம் அடங்கலன்னு நெனச்சுக்கிட்டுப் போயிட்டன்.”

பதிலுக்கு நிற்கிறது என்று ஊரே சொன்ன கை, கொசுவலை தாங்கின கை, பஸ்ஸை நிறுத்தின கை, கொடுத்த பதிலை வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் இத்தனை நாள் நின்றிருக்கிறது. அவர் நிமிர்ந்து கையைப் பார்த்தார். அது அப்போதும் இறங்கவில்லை.

“இப்பத் தூக்கு மாப்ள” என்றார்.

செங்கோடன் அவர் எதிரே கையைத் தூக்கினான். ஒன்றும் நடக்கவில்லை. அவன் கொஞ்சம் யோசித்தான்.

“இது நின்னுக்கிட்டுச் செய்யற காரியமில்லீங்க மச்சான். வண்டியில வரோணும்” என்றான். “நாம் போயித் திருப்பிட்டு வர்றன். இந்த வாட்டி உங்க கையப் பாக்காதீங்க. என்னையப் பாருங்க.”

அவன் ஏறிப் போனான். அவ்வளவு பெரிய வண்டியைத் திருப்ப வேண்டுமானால் தூரத்துப் பாலத்தடி வரைக்கும் போய்த்தான் வர வேண்டும். அத்தப்பன் நின்றார். பின்னால் வந்த இரண்டு மூன்று ரிக் வண்டிகள் விஷயம் கேள்விப்பட்டு ஓரம் கட்டிக்கொண்டன, டிரைவர்கள் இறங்கி வரப்பில் உட்கார்ந்தார்கள். அப்படியே போய்விட்டானோ என்று ஒரு நினைப்பு அத்தப்பனுக்கு வந்தது. போயிருந்தாலும் தப்பில்லை என்று இன்னொரு நினைப்பும் வந்தது. வறண்ட குழிக்கே அவன் ரெண்டு ராடு கூடப் பொறுத்தான், தான் அவனுக்கு ஒரு பார்வைகூடப் பொறுக்கவில்லை என்று நினைக்க நினைக்க, கொளத்துமேட்டு ரோட்டில் நிற்கிறோம் என்ற கூச்சம்கூட இல்லாமல் அவருக்குக் கண் நிறைந்தது. இடது கையால் அவசரமாகத் துடைத்துக்கொண்டார், கண் மறைத்து மறுபடியும் பார்க்காமல் போய்விடக் கூடாதே என்று.

வண்டி வந்தது. அத்தப்பன் தன் கையைப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்க்கவில்லை, செங்கோடனையே பார்த்தார். முன்முடிச்சுக்குக் கீழே காதோரம் முழுக்க நரைத்துவிட்டது. முன்பல் ஒன்று இல்லை. கன்னம் ஒட்டிப் போயிருந்தான். இவன் எப்போது கிழவனானான், நான் பார்க்காத அந்த வருஷங்களிலா என்று நினைத்தார். செங்கோடனின் வலது கை ஜன்னலுக்கு வெளியே எழுந்தது, சுண்டுவிரலில் நுனி இல்லாத கை, பழைய நாளில் ராடு நசுக்கி, அத்தப்பன் தன் துண்டைக் கிழித்துக் கட்டி, ரிக்கை நடுக்காட்டில் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடின கை. அது வந்தது, நேரே நின்றது, அவரைப் பார்த்துச் சிரித்தது செங்கோடனா அந்தக் கையா என்று தெரியவில்லை, கடந்து போனது.

அத்தப்பனின் கை இறங்கியது. சடாரென்று விழவில்லை, நாளெல்லாம் வெயிலில் வேலை செய்தவன் கட்டிலில் உட்காருகிற மாதிரி, மெல்ல, ஒரு பெருமூச்சோடு இறங்கி அவர் தொடையோரம் வந்து சேர்ந்தது. வரப்பில் உட்கார்ந்திருந்த டிரைவர்கள் எழுந்து அவரவர் வண்டிக்குப் போனார்கள். போகும்போது அவர்களும் ஹாரன் அடித்துக் கை தூக்கினார்கள், அத்தப்பன் பதிலுக்குத் தூக்கினார், இறக்கினார், மறுபடி தூக்கினார், மறுபடி இறக்கினார்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. பந்தல்காரர் மணவறையைத் தாழ்வாகவே போட்டார், அதில் கொளத்துமேட்டுக்காரர்கள் சிலருக்கு வருத்தம். செங்கோடன் தாய்மாமன் சீரோடு மேளம் முழங்க வந்து இறங்கி, மேகலாவைத் தானே மணவறைக்கு அழைத்துப் போய் உட்கார வைத்தான். சடங்கு நடத்துகிற அருமைக்காரர் தாரைக்குக் கூப்பிட்டார். அத்தப்பன் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு வலது கையை நீட்டி மேகலாவின் கையைப் பிடித்தார், பிடித்து யுவராஜின் கையில் வைத்தார், பாவாயி சொம்பைச் சாய்க்கக் குனிந்தாள்.

அத்தப்பனின் கை விடவில்லை.

மாப்பிள்ளை வீட்டுப் பெரிய பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குழந்தையப்பன் பின்வரிசையிலிருந்து எழுந்து எட்டிப் பார்த்தார். செங்கோடன் குனிந்து அவர் காதோரம் கேட்டான்.

“மறுபடியும் ஆயிப்போச்சா மச்சான்?”

“இல்ல மாப்ள” என்றார் அத்தப்பன், மகளின் கையைப் பார்த்தபடியே. “கை மேல தப்பில்ல. இது நானேதான் புடிச்சிருக்கறன்.”

செங்கோடன் நிமிர்ந்து அருமைக்காரரிடம், “கொஞ்சம் பொறுங்க சாமி” என்றான். அருமைக்காரர் பொறுத்தார். மேளக்காரர் அடிக்கத் தூக்கின கோலை இறக்கி வைத்தார். பாவாயி சாய்க்கப்போன சொம்பை நிமிர்த்திக்கொண்டு நின்றாள். மேகலா கையை இழுத்துக்கொள்ளவில்லை, அப்பாவின் விரல்களுக்குள் அதை அப்படியே வைத்திருந்தாள், யுவராஜும் தன் கையை அடியில் விரித்துப் பிடித்தபடி, எவ்வளவு நேரமானாலும் ஆகட்டும் என்று உட்கார்ந்திருந்தான்.

பிறகு அத்தப்பன் விரல்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். பாவாயி தண்ணீரை ஊற்றினாள்.